தண்ணீர் ஒத்துக்கொள்ளாத மனிதர்

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் நோய் எதிர்ப்பியல் துறை என்று ஒன்று இருக்கிறது. ஒருவருடைய உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடிக்கிற இடம். கண்டுபிடிப்பதற்கென்றே வெளிநாடு போய்ப் படித்து வந்த டாக்டர்கள் மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள். அந்த மூன்று பேரும் சேர்ந்து லோ வெங் ஃபாட் என்ற மனிதரை என்ன பாடு படுத்தினார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வயிறு எரிந்து சொல்கிறேன். மரியாதை அங்கங்கே குறைந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

பத்து கெலுபி பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, எதிரே இருக்கிற காப்பிக்கடையில் வெங் ஃபாட் சீ சியோங் ஃபன் விற்றார். அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் சுருட்டி, மேலே இனிப்புச் சாறும் எள்ளும் போட்டுக் கொடுப்பார். அதே கடையில் இந்தப் பக்கம் தோசை சுடுகிறவள் நான், ராஜாமணி. அவர் என்னை அக்கா என்பார். நான் அவரைத் தவ்கே என்பேன், அதாவது முதலாளி. ஓர் ஆவிப்பெட்டிக்கும் நாலு முக்காலிக்கும் அவர் முதலாளி. இருபது வருஷமாக என் தோசைக்கல் புகையை அவர் திட்டுவதும், அவர் ஆவியை நான் திட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவருக்குக் குடலில் ஒரு கட்டி வந்தது. பொல்லாத கட்டிதான், ஆனால் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள். வெட்டி எடுத்துவிட்டால் மறுபடியும் வந்து மாவு கரைக்கலாம் என்று அறுவை டாக்டர் சொன்னார். மேசையில் படுக்க வைத்து, மயக்கம் கொடுத்து, வயிற்றை ரோஸ் நிற மருந்தால் துடைத்து, கத்தியை எடுக்கப்போகிற நேரத்தில் மனிதருக்கு உடம்பெல்லாம் தடித்து, நாடி விழுந்துவிட்டது. எப்படியோ பிழைக்க வைத்து வெளியே கொண்டுவந்தார்கள்.

அறுவை டாக்டர் அவர் மனைவி கம் லானையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். "ஏதோ ஒண்ணு இவருக்கு ஒத்துக்கல. மயக்க மருந்தா, ஆன்டிபயாட்டிக்கா, வேற ஏதாவதான்னு தெரியாம நான் மறுபடி கத்திய வைக்க முடியாது. மூணாவது மாடியில பாத்துச் சொல்லுவாங்க. சொன்ன மறுநாளே அறுத்துடறேன். ஆனா சீக்கிரம் வாங்க. கட்டி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

ஆக, எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதை வாங்கத்தான் மூன்றாவது மாடிக்குப் போனோம். கம் லானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் என் பழைய வேனில்தான் போனோம். அங்கே நடந்ததையெல்லாம் என் கண்ணால் பார்த்தது அப்படித்தான்.

துறையின் தலைவர் டத்தோ பேராசிரியர் டாக்டர் கமாருல் அரிஃபின். டத்தோ என்பது அரண்மனை கொடுக்கிற பட்டம். இந்த முழுப் பெயரையும் சொன்னால்தான் முகப்பில் இருந்த பெண் தலை நிமிர்ந்தாள். வெறும் டாக்டர் என்று நான் சொன்னதற்கு, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றாள். அவருக்கு அடுத்து டாக்டர் தேவசகாயமும் டாக்டர் ஊய் என்ற அம்மாளும். இருவருக்கும் ஒரே நாளில் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அதனால் டத்தோவுக்குப் பின்னால் யார் அறைக்குள் நுழைவது என்பது இன்னும் தீராத விவகாரமாக இருந்தது. டத்தோ உள்ளே வந்துவிட்டார். இவர்கள் இருவரும் வாசலில் நின்று, "நீங்க முன்னாடி போங்க", "சேச்சே, நீங்கதான்" என்று முகம் நிறையச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் இரண்டு பேரும் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டு ஒன்றாக நுழைந்தார்கள். வெங் ஃபாட் அதுவரை சட்டையைக் கழற்றிவிட்டு ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையைத் துடைத்துவிட்டு, சந்தேகப்படுகிற மருந்துகளை வரிசையாகச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் ஊசி நுனியால் லேசாகக் குத்துவார்கள். எது தடிக்கிறதோ அதுதான் ஆகாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடைசியில் வெறும் உப்புத் தண்ணீரும் ஒரு சொட்டு வைப்பார்கள். அது யாருக்கும் தடிக்காது.

மிஸி, அதாவது நர்ஸ், ஒருத்தி வந்து, ரோஸ் நிற மருந்தில் நனைத்த பஞ்சால் வெங் ஃபாட்டின் கையைத் துடைத்தாள். உடனே அவர் கையைச் சொறிய ஆரம்பித்தார்.

"டத்தோ, அரிக்குது" என்றார்.

"இன்னும் குத்தவே இல்லையே" என்றார் டத்தோ.

"தொடச்சதும் அரிக்குது."

டத்தோ சிரித்தார். கோபமே வராத மனிதர் அவர். கோபப்படுவதற்கு எதிராளியைக் கவனிக்க வேண்டுமே. "தவ்கே, மருத்துவத்துல சாட்சிக்கு ஒரு வரிசை இருக்கு. மேல் படியில பெரிய பெரிய ஆய்வுகள். அதுக்குக் கீழ நிபுணர்கள் கருத்து. கீழ, ரொம்பக் கீழ, நோயாளி சொல்றது. நான் மேல் படியில நிக்கறேன். அங்கேருந்து பாத்தா நீங்க சொல்றது கேக்காது." பின்னால் நின்ற இருவரும் தலையாட்டினார்கள்.

எல்லாச் சொட்டும் தடித்தது. மயக்க மருந்து, ஆன்டிபயாட்டிக், இறால், பால், தூசி, எல்லாம். உப்புத் தண்ணீர் வைத்த இடமும் மற்றதற்குச் சளைக்காமல் தடித்து நின்றது. துடைத்த இடம் முழுக்கச் சிவந்திருக்கும்போது எந்தச் சொட்டுத்தான் தடிக்காது? எனக்கு மூன்றாம் வகுப்புதான் படிப்பு. அதனால் எனக்கே ஏதோ இடறியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் நிபுணர்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தீபாவளிச் சீட்டு விழுந்தவர்களைப் போல அவர்கள் முகம் பூரித்துப் போனது.

"தண்ணிக்கே ஒவ்வாமை" என்றார் டத்தோ மெதுவாக. "உலகத்துல விரல் விட்டு எண்ணிடலாம். நம்ம மாநிலத்துலயே முதல் ஆள். வாழ்த்துகள்."

"கட்டிய எப்ப எடுப்பீங்க?" என்று கம் லான் கேட்டாள்.

"என்னம்மா நீங்க. இவ்வளவு அபூர்வமான ஒருத்தர அவசரப்பட்டு அறுக்கலாமா?"

டாக்டர் தேவசகாயம் ஆகாத சாப்பாட்டைச் சொல்லத் தொடங்கினார். பன்றி, இறால், முட்டை, பால் போட்ட தேநீர், ஆரஞ்சு, கடைசியாக அரிசி. அரிசி மாவில் பிழைக்கிற மனிதரிடம் அரிசி கூடாது என்றார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஸ்பூனால் நக்கிக் குடிக்க வேண்டும். குளிக்கவே கூடாது. குளிப்பதற்குப் பதிலாக உடம்பைத் துடைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியே ஈரத்துணி கொடுக்கும், மிகவும் சுத்தமானது, காலை மாலை இரண்டு வேளையும் தலை முதல் கால் வரை துடைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். ரோஸ் நிறம்.

அன்று முதல் மனிதர் வீட்டில் காலையும் மாலையும் சொறிந்துகொண்டே இருந்தார். முதுகெல்லாம் பாளம் பாளமாகத் தடிப்பு. ஒரு மாதம் கழித்து, முடிவை உறுதிப்படுத்த இரண்டாவது பரிசோதனை என்றார்கள். அதற்கு ஒரு விதி இருந்தது. அரிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பரிசோதனைக்கு முன்னால் ஏழு நாள் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தடிக்க வேண்டியது தடிக்காது, பரிசோதனை செல்லாது.

நிறுத்தினார். மாத்திரை இல்லாமல் அந்தத் துணியால் துடைத்தால் என்ன ஆகும்? முகம் வீங்கி, உதடு தொங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிற அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அவர்கள் ஊசி போட்டு இறக்கினார்கள். மறுநாள் மூன்றாவது மாடிக்குப் போனால் முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நேத்து அரிப்பு ஊசி போட்டிருக்கீங்க. டெஸ்டு செல்லாது. போய்ட்டு அடுத்த மாசம் வாங்க."

"உங்க ஆஸ்பத்திரியிலதானே போட்டாங்க" என்றேன்.

"அது கீழ."

அடுத்த மாதமும் அதேதான். அதற்கடுத்த மாதமும். மேலே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் வீங்கும். கீழே ஊசி போடுவார்கள். மேலே செல்லாது என்பார்கள். மின்தூக்கியில் ஏறி இறங்கியே மனிதர் பாதியாகிவிட்டார். அரிசி இல்லை, பால் இல்லை, தண்ணீர் ஸ்பூனில். சாப்பிடாததால் இளைத்தாரா, கட்டி தின்று இளைத்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அறுவை டாக்டர் இரண்டு முறை மேலே கேட்டுப் பார்த்தார். ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்று பதில் வந்ததாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் டாக்டர் தேவசகாயத்தை நடைவழியில் மறித்தேன். "ஐயா, நம்மாளுன்னு நெனச்சுக் கேக்கறேன். அந்த ரோஸ் தண்ணி பட்டாத்தான் இவருக்கு அரிக்குது. அத ஒருதடவ சோதிச்சுப் பாத்தா என்ன?"

"அம்மா, நான் சாப்பாட்டு ஒவ்வாமை. வாய்க்குள்ள போறது மட்டும்தான் நான் பாப்பேன். துடைக்கறது என்கிட்ட வராது."

டாக்டர் ஊயிடம் போனேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "செல்லுக்குள்ள நடக்கறதுதான் என்னோட பிரிவு. தோலுக்கு மேல என்ன பூசறாங்கன்னு நான் பாக்கறதில்ல, ஆன்ட்டி. அதுவும் துடைக்கறது மிஸி வேலை. அதையெல்லாம் நாங்க ஆராய முடியுமா?"

மிஸியிடம் கேட்டேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நான் துடைக்கத்தான் இருக்கேன்க்கா. யோசிக்கறதுக்குத்தான் மூணு பேரு இருக்காங்களே" என்றாள்.

கடைசியாக டத்தோவிடமே சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார். "ஊர்ல உள்ளவங்க ஒவ்வாமையெல்லாம் கண்டுபிடிக்கற துறை இது. எங்க கையில இருக்கற மருந்தே ஒவ்வாமை ஆகும்னா அப்புறம் ஜனங்களுக்கு எங்க மேல என்ன மரியாதை இருக்கும்? யோசிச்சுப் பாருங்க." நான் யோசித்துப் பார்த்தேன். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரித் தரையாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

வேனில் திரும்பும்போது வெங் ஃபாட் பின் சீட்டில் சுருண்டு கிடந்தார். "அக்கா, உன் தோசைப் புகைய திட்டுவேன்ல. இப்ப அது வேணும் போல இருக்கு லா" என்றார். "புகைக்கு டத்தோ தடை போடலயே, வாங்க, மூஞ்சில ஊதி விடறேன்" என்றேன். கம் லான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த நேரத்தில் துறைக்கு ஒரு விழா வந்தது. நோய் எதிர்ப்பியல் வாரம். கோலாலம்பூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், மாநிலத்தின் முதல் தண்ணீர் ஒவ்வாமை நோயாளியை மேடையில் காட்ட வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். வந்தால் அன்றைக்கே அறுவைக்கான அனுமதியைத் தருவதாக டத்தோ வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக, எழுந்து நிற்கத் தெம்பில்லாத மனிதரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் சட்டையில் ஒரு ரோஜா ரிப்பனைக் குத்தினார்கள்.

கோங்கு மணி அடித்து விழாவைத் தொடங்கினார்கள். பட்டங்களையும் பதவிகளையும் வரிசைப்படி சொல்லி முடிப்பதற்கே ஒரு தேநீர் நேரம் போனது. பிறகு டத்தோ பேசினார்.

"பல பேர் கேக்கறாங்க, ஒரு நோயாளிக்கு இத்தனை மாதமா என்னதான் பண்றீங்கன்னு. அவசரப்பட்டுக் குணப்படுத்தறது யாரு வேணும்னாலும் செய்யலாம். ஒரு நோய அது முழுசா மலரற வரைக்கும் பொறுமையா வேடிக்கை பாக்கறதுக்கு நிபுணர் வேணும். இவர் முதல் நாள் வந்தப்போ கையில மட்டும்தான் தடிச்சது. இன்னிக்கு எங்க கவனிப்புல உடம்பு பூரா தடிக்குது. இதுதான் எங்க துறையோட வளர்ச்சி."

கைதட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள்.

பிறகு செய்முறை விளக்கம். பல வருஷமாக எந்த நோயாளியையும் தன் கையால் துடைத்திராத டத்தோ, விருந்தினர்களுக்காகத் தானே பஞ்சை எடுத்தார். பழக்கமில்லாத கை, அளவு தெரியவில்லை. இரண்டு கையும், கழுத்தும், காதுமடல் வரைக்கும் ரோஸ் மருந்தைத் தாராளமாகப் பூசித் துடைத்தார். அதன் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, "பாருங்கள்" என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். வெங் ஃபாட் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சரிந்தார்.

மேடையில் மூன்று நிபுணர்கள் இருந்தார்கள். சபையில் இன்னும் முப்பது பேர். இது மூன்றாம் நிலை ஒவ்வாமை என்றார் டாக்டர் தேவசகாயம். நான்காம் நிலை என்றார் டாக்டர் ஊய். டத்தோ இருவரையும் சமாதானப்படுத்தினார். உயிர் காக்கும் ஊசி மருந்து பத்தடி தூரத்தில் கண்காட்சி மேசையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. பெரிய மனிதர் தேநீருக்குப் பிறகுதான் வெட்டுவதாக ஏற்பாடு. நான் "கீழ சொல்லுங்க, யாராவது கீழ சொல்லுங்க" என்று கத்திக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன்.

அவசரப் பிரிவிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயசு, காலில் ரப்பர் செருப்பு. ரிப்பனை இழுத்து அறுத்து, ஊசியை எடுத்து வெங் ஃபாட்டின் தொடையில் குத்தினார். மூச்சு வந்தது. பின்னால் டத்தோவின் குரல் கேட்டது. "ரிப்பன யாரு வெட்டினது?"

கீழே கொண்டுபோய்ப் படுக்க வைத்த பிறகு அந்தப் பெண் வெங் ஃபாட்டிடம் குனிந்து கேட்டார். "அங்கிள், கடைசியா உங்க மேல என்ன பட்டுச்சு?"

"ரோஸ் தண்ணி."

"இதுக்கு முன்னாடி வீங்கினப்பல்லாம்?"

"ரோஸ் துணி."

"மொத ஆப்பரேஷன்ல?"

நான் சொன்னேன். "வயித்துல ரோஸ் தண்ணி பூசிச் சுத்தம் பண்ணாங்களாம்."

"அப்ப இனிமே அது படவே கூடாது. வேற மருந்து இருக்கு, பழுப்பு நெறத்துல." அவ்வளவுதான். அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நாங்கள் மாதக்கணக்காக ஏறி இறங்கித் தேடிய வார்த்தை அதுதான். கேள்வி கேட்கப் பத்து மூச்சு நேரம்கூட ஆகவில்லை. கம் லான் சுவரில் சாய்ந்து அழுதாள்.

துறை நிபுணர் அல்லாதவர் சொன்ன முடிவு செல்லாது என்று மூன்றாவது மாடி மறுப்புத் தெரிவித்தது. நல்ல வேளையாக அறுவை டாக்டருக்குக் காது இருந்தது. அந்த வாரமே மேசையில் ஏற்றினார். பழுப்பு மருந்தால் துடைத்தார். ஒரு தடிப்பு இல்லை, நாடி விழவில்லை. வயிற்றைத் திறந்தார். ஆரம்பத்தில் ஓரிடத்தில் இருந்த கட்டி ஈரல் வரைக்கும் போயிருந்தது. வெட்டி எடுக்க ஒன்றுமில்லை என்று தைத்து மூடிவிட்டு வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் டத்தோ படமெடுக்கிற ஆளோடு வார்டுக்கு வந்தார். பின்னால் இரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாக வந்து, முன்பின் தகராறைத் தவிர்த்தார்கள்.

"வாழ்த்துகள் தவ்கே. ஒரு சின்னத் தடிப்புகூட இல்ல. அறுவை முழு வெற்றி. எங்க கட்டுப்பாடுகள நீங்க ஒழுங்கா கடைப்பிடிச்சதுதான் காரணம்."

"கட்டி?" என்று கம் லான் கேட்டாள்.

டத்தோ உண்மையான வருத்தத்தோடு கையை விரித்தார். "கட்டி எங்க துறை இல்லம்மா."

வெங் ஃபாட் என்னைப் பார்த்து, "அக்கா, தண்ணி" என்றார். நான் ஒரு தம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். மனிதர் டத்தோவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மடக் மடக்கென்று முழுவதையும் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். படம் எடுக்கிற ஆள் அதை மட்டும் எடுக்கவில்லை.

ஆறு வாரம் இருந்தார். அந்த ஆறு வாரமும் ஆசைப்பட்டதையெல்லாம் கேட்டார். ஆனால் எதையும் விழுங்கத் தெம்பில்லை.

சீனர்கள் வீட்டில் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு பெரியது. கம் லான் அவர் படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் படைத்திருந்தாள். பொரித்த பன்றி, இறால், முட்டை, ஆரஞ்சு, பால் தேநீர், சோறு, அவளே சுருட்டிய சீ சியோங் ஃபன். நான் இரண்டு தோசை சுட்டுக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கையில் சாம்பல் என்று கம் லான் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"லோ வெங் ஃபாட் வீடா? நோய் எதிர்ப்பியல் துறையிலேருந்து பேசறோம். நாளைக்கு அவருக்கு உறுதிப்படுத்தற டெஸ்டு. டத்தோவே பாக்கறாங்க. அரிப்பு மாத்திரைய நிறுத்தியாச்சா?"

கம் லான் படத்தைப் பார்த்தாள். "நிறுத்தியாச்சு."

"ஏழு நாளாவது ஆகியிருக்கணும்."

"நாப்பத்தொம்பது நாள் ஆச்சு."

"நடுவுல வீங்கவே இல்லயா? கீழ போய் ஊசி ஏதும் போடலயே?"

"இல்ல. அரிக்கறதே இல்ல இப்ப."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் குரலில் முதல்முறையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"ரொம்ப நல்லதும்மா. இந்தத் தடவதான் எல்லாம் ஒழுங்கா பண்ணியிருக்காரு. டெஸ்டு செல்லும். நாளைக்குக் காலைல அவர வரச் சொல்லுங்க."